புதன்கிழமைக் கிண்ணம்

அன்பு மகள் மஹ்லியாவுக்கு அப்பா எழுதுவது.

பக்கத்து வீட்டு ரிசாலத் நம் வீட்டுக் கிண்ணத்தில் ஒரு பிடி பழவிதையைப் போட்டுத் திருப்பி அனுப்பினாள். கறியும் பழமுமாக நிறைந்து போன கிண்ணம், விதையோடு வந்தது. முதலில் இதை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் உன் அம்மா இதைப் போனில் உனக்கு வேறு மாதிரி சொல்லியிருப்பாள், அல்லது சொல்லாமலே விட்டிருப்பாள். இனி நலம் விசாரிக்கிறேன். இங்கே என் இருமலைத் தவிர எல்லோரும் நலம், அண்ணன் எர்கின் நலம், அண்ணி பர்னோ நலம், ஆடுகள் நலம். நீ அந்தக் கொரியா தேசத்தில் உடம்பைப் பார்த்துக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய் வர வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கேட்டுக்கொள்கிறேன். தெருக்கோடி ஹம்ரோவின் மகன் விடுமுறை முடிந்து அங்கே திரும்புகிறான், அவன் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலத்தையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசலாமே என்பாய். போனை உன் அம்மா என்னிடம் தருவதற்குள் அதன் உயிர் போய்விடுகிறது. எழுதினால் யாரும் நடுவில் புகுந்து பேச முடியாது.

வசந்தத்தில் விழுந்த உறைபனியைப் பற்றி அப்போதே சொன்னேன். அதன் கணக்கு இப்போதுதான் தெரிகிறது. தெருவில் ஒரு ஆப்ரிகாட் இல்லை, ஆப்பிள் இல்லை, ரிசாலத்தின் இரண்டு ஆப்பிள் மரங்களும் கோடை முழுக்க வெறும் இலையோடு நின்றன, அவளுடைய அக்ரூட் மரத்தில் அணில் ஏறக்கூட இல்லை. நம் முற்றத்துப் பெஹி மரம் மட்டும் தப்பியது. அது சோம்பேறி மரம், மற்ற மரமெல்லாம் பூத்து முடித்த பிறகுதான் கண்ணைத் திறக்கும், இந்த வருஷம் அந்தச் சோம்பலே அதைக் காப்பாற்றியது. கிளை தாங்காமல் காய்த்திருக்கிறது, மூன்று இடத்தில் கவட்டைக்கழி முட்டுக் கொடுத்திருக்கிறேன். பெஹி மிகுந்து காய்த்தால் குளிர் கடுமையாக வரும் என்று தெருவில் எல்லோரும் என்னை முறைக்கிறார்கள், குளிரையும் நானே ஒட்டுக்கட்டி வளர்த்தது போல. மரத்தை நான் வளர்த்தேன், ஒட்டுக்கட்ட எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, மின்கம்பத்தில் ஏறி வேலை பார்த்த காலத்தில் மேலிருந்து அடுத்தவர் தோட்டத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றேன். குளிர் என் பொறுப்பில் இல்லை.

புதன்கிழமைச் சமையல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. புதன் சந்தை நாள், உன் அம்மா ரொட்டிக் கூடையோடு காலையிலேயே போய்விடுகிறாள், பர்னோவுக்குத் தையல் ஆலையில் அன்று மாலை வரை வேலை. வியாழக்கிழமை என்றால் ஊர் முழுக்கப் புலாவ் மணக்கும், எல்லா வீட்டிலும் ஆண்கள் பெரிய மனிதர்களாகக் கடாயைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். புதனை யாரும் கண்டுகொள்வதில்லை. வாரத்தின் நடுவில் களைத்துப்போய் வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சூடாக ஒன்று வேண்டும், அதைத்தான் நான் செய்கிறேன். கடாயின் அடியில் ஆட்டு வால்கொழுப்பு, அதன் மேல் எலும்போடு கறி, வெங்காயம், காரட், உருளைக்கிழங்கு, அதற்கு மேல் கால் காலாக வெட்டிய பெஹி, எல்லாவற்றுக்கும் மேல் முட்டைக்கோஸ் இலைகளைப் போர்வை போல விரித்து, ஒரு தட்டைக் கவிழ்த்து அதன் மேல் கல்லை வைத்துவிடுவேன். தண்ணீர் ஒரு சொட்டு ஊற்றுவதில்லை. சின்னத் தீயில் அதுவே தன் சாற்றில் வெந்துகொள்ளும். தட்டைத் திறந்து பார்க்கக்கூடாது, கிளறவும் கூடாது. பெஹியின் நடுவைக் குடைந்து விதையை எடுத்து ஆட்டுக்குப் போட்டுவிடுவேன், கறியில் விதை பல்லில் அகப்பட்டால் எனக்குப் பிடிக்காது. இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வருகிறது.

நீ போனில் அங்கே பெஹி மாதிரியே ஒரு பழம் கிடைக்கிறது, அதைச் சர்க்கரையில் ஊறப்போட்டு வெந்நீர் ஊற்றிக் குடிக்கிறார்கள் என்றாய். குடிக்கட்டும். நீ அதை வாங்கிக் கறியோடு வேகவைத்துப் பார். ஒரு ஆளுக்கு இரண்டு துண்டு போதும், உன் அறையில் உள்ள அந்தச் சோறு வடிக்கும் மின்பானையிலேயே அடுக்கிவிடலாம், கறியை அடியில் வை, பழத்தை மேலே வை, உப்பை மட்டும் கொஞ்சம் முன்யோசனையோடு போடு. பச்சையாகக் கடிக்காதே. சின்ன வயதில் பெஹியைப் பச்சையாகக் கடித்துத் தொண்டை அடைத்துக் கண்ணெல்லாம் நீராக நீ நின்றது எனக்கு நினைவிருக்கிறது, அன்று உன்னைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டியவள் ரிசாலத். அதையும் நியாயமாக எழுதிவிடுகிறேன்.

நமக்கும் ரிசாலத்துக்கும் நடுவில் உள்ள சுவர் ஓட்டை உனக்குத் தெரியும். அதன் வழியாகத்தான் நீ நடக்கப் பழகினாய் என்று உன் அம்மா சொல்வாள், தவழ்ந்து அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு இந்தப் பக்கம் வரமாட்டேன் என்பாய். ரிசாலத்தின் கணவன் கமோல் உயிரோடு இருந்தபோது நானும் அவனும் சேர்ந்து இடித்த ஓட்டை அது. நீ பிறந்து உன் அம்மா காய்ச்சலில் கிடந்த நாட்களில் ரிசாலத் தன் பையனுக்கு ஒரு பக்கமும் உனக்கு ஒரு பக்கமுமாகப் பால் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் உன்னைத் தெருச்சுற்றித் தூக்கிக்கொண்டு போவது தொல்லையாக இருந்தது. கமோல் கடப்பாரையை எடுத்தான், நான் மண்வெட்டியை எடுத்தேன். அந்த ஓட்டை வழியாக அன்று நீ போனாய், பிறகு கிண்ணங்கள் போயின, வந்தன. நம் வீட்டிலிருந்து எது போனாலும் அவள் வீட்டிலிருந்து ஏதாவது வரும். ஒரு பிடி உலர்திராட்சை, நாலு அக்ரூட், பாதி ரொட்டி, ஒன்றுமே இல்லையென்றால் ஒரு துண்டு கற்கண்டு. கிண்ணம் காலியாகத் திரும்பியதில்லை. கமோலை அடக்கம் செய்த வாரத்தில்கூடக் கிண்ணத்தில் அவள் கற்கண்டு வைத்து அனுப்பினாள். அதனால்தான் சொல்கிறேன், அவளுக்கு முறை தெரியாது என்று யாரும் என்னிடம் பேச முடியாது.

நடந்தது இதுதான். மரத்தில் முதலில் மஞ்சளான காய்களைப் பறித்துப் புதனன்று கடாய் போட்டேன். பருத்திப்பூ போட்ட நீலக் கிண்ணத்தில் முதல் கரண்டியை ரிசாலத்துக்கு எடுத்துவைத்துப் பர்னோவிடம் கொடுத்தேன், அவள் ஓட்டை வழியாக நீட்டினாள். மறுநாள் கிண்ணம் வந்தது, மேலே துணி கட்டி, முடிச்சுப் போட்டு. கனமே இல்லை. அவிழ்த்தேன். கழுவித் துடைத்த கிண்ணம், அடியில் ஒரு பிடி பெஹி விதை. பர்னோ முகத்தைப் பார்த்தேன், அவள் ஆலைக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பைத் தேடினாள். பழத்தைத் தின்றுவிட்டு விதையை அனுப்பியிருக்கிறாள் என்று நான் சொன்னேன். உன் அம்மா தந்தூர் அடுப்பிலிருந்து தலையை எடுக்காமலே, "அப்படியா இருக்கும்? அவ அப்படிப்பட்டவளா?" என்றாள். கிண்ணம் முன்னால் இருக்கிறது, விதை உள்ளே இருக்கிறது, இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும். சாம்பல் வாளியில் கொட்டு என்று பர்னோவிடம் சொல்லிவிட்டு எர்கினைக் கூப்பிட்டேன். குளிருக்கு முன்னால் ஓட்டையை அடைத்துவிட வேண்டும் என்றேன்.

எர்கின் உன்னைப் போலத்தான், எதிர்த்துப் பேசமாட்டான், தாமதம் செய்வான். மண் சரியில்லை என்றான், வைக்கோல் ஈரம் என்றான், வெயில் இல்லாமல் மண்கல் காயாது என்றான். நானே கால்சட்டையை மடித்துவிட்டு இறங்கி மண்ணை மிதித்தேன். அதன் பிறகு அவனுக்கு வெட்கமாகி வந்து மிதித்தான். இரண்டு நாளில் கற்கள் அறுத்துச் சுவரோரம் வரிசையாக அடுக்கினோம். சத்தம் அந்தப் பக்கம் கேட்காமல் இருக்குமா. ஓட்டையில் ரிசாலத்தின் முகம் வந்தது, முகம் என்றால் மூக்கும் ஒரு கண்ணும். "என்ன துர்குன் அண்ணே, அரண்மனையா?" என்றாள். சுவரை அடைக்கிறோம் என்றேன். காரணம் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன், கேட்டால் சொல்வதற்கு எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. "அடைங்க, அடைங்க. அடைக்கறதுன்னா மேலயும் நல்லா ஒசத்திக் கட்டுங்க. உங்க இருமல் இந்தப் பக்கம் தாண்டி வராத அளவுக்கு" என்றாள். இருமல் என் வீட்டு இருமல், கேட்கப் பிடிக்காவிட்டால் காதில் பஞ்சு வைத்துக்கொள் என்றேன். "பஞ்சும் வச்சுப் பாத்தாச்சு அண்ணே. அதுக்கு அப்புறம்தான் வேற வழி பாத்தேன்" என்று சொல்லிவிட்டு மூக்கையும் கண்ணையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எர்கின் மண்வெட்டியின் மேல் சாய்ந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு வழி என்றால் என்ன வழி என்று அப்போது நான் யோசிக்கவும் இல்லை, அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான் பாதியில் நிற்கும்.

அடுத்த புதன் வந்தது. அன்று முழுப் பெஹியில் கறி நிரப்பிச் செய்தேன். காம்புப் பக்கம் தொப்பி போல வெட்டி எடுத்து, உள்ளே குடைந்து, கொத்துக்கறியும் வெங்காயமும் சீரகமும் ஒரு கை அரிசியும் வைத்து, தொப்பியை மூடி, கடாயில் நெருக்கமாக உட்காரவைத்தால் அது வெந்து வரும்போது சதை இளஞ்சிவப்பாக மாறும், வீடு முழுவதும் மணக்கும். எர்கின் இரண்டு சாப்பிட்டான். பர்னோ நீலக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். கிண்ணத்தை அலமாரியில் வைத்தாள், வைக்கிற சத்தத்திலேயே அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரிந்தது, மருமகள்களுக்குப் பேச வாய் தேவையில்லை. உட்கார்ந்து முதல் வாய் எடுத்ததும் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இலையுதிர் காலத்தில் வரும் என் வழக்கமான இருமல்தான், ஆனால் இந்த முறை விடவில்லை, விரிப்பை விட்டு எழுந்து முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தையிலிருந்து அப்போதுதான் வந்த உன் அம்மா உள்ளே போய் ஒரு பியாலாக் கோப்பையில் வெதுவெதுப்பாக ஏதோ கொண்டுவந்தாள், கஞ்சித் தெளிவு போல வழவழவென்று இருந்தது, வாசனை இல்லை. இது என்ன என்று கேட்டேன். "குடிங்க. கேள்விய அப்புறம் கேளுங்க" என்றாள். குடித்தேன். தொண்டையில் யாரோ எண்ணெய் தடவியது போல இருந்தது. அன்று இரவு முழுவதும் நான் இருமவில்லை, மறுநாள் காலையிலும் ஒன்று கொடுத்தாள், அப்போதும் அப்படித்தான்.

அந்தக் காலைத் தேநீரின்போது கேட்டேன், என்ன மருந்து அது, மருந்துக் கடையில் வாங்கினாயா என்று. உன் அம்மா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "மருந்துக் கடையா? அந்த எச்சில் விதைதான்" என்றாள். பர்னோ தேநீர்க் கெண்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். நான் அவளை உட்கார் என்றேன். விதையைச் சாம்பல் வாளியில் கொட்டச் சொன்னேனே என்று கேட்டதற்கு, "கொட்டத்தான் போனேன் மாமா. வாளி நெறைஞ்சிருந்துச்சு" என்றாள். சாம்பல் வாளி நிறைந்தால் வெளியே கொட்டிவிட்டு வந்து கொட்ட வேண்டும், அது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள் உன் அம்மா ஆரம்பித்துவிட்டாள். "நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. விதையக் குடைஞ்சு எடுத்து ஆட்டுக்குப் போட்டுட்டுத்தான பழத்தக் கறியில போட்டீங்க? அப்ப அவ எதத் தின்னு எதத் துப்புனா?" என்றாள். நான் பியாலாவை எடுத்து ஊதினேன். தேநீர் சூடாக இருந்தது.

பிறகு உன் அம்மா முழுவதும் சொன்னாள். நம் மரத்தின் ஒரு கிளை சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் நிற்கிறது அல்லவா. காற்றில் விழுந்தது, புழு தின்றது, பறவை கொத்தியது என்று அந்தப் பக்கம் உதிர்ந்த காய்களையெல்லாம் ரிசாலத் ஒன்று விடாமல் பொறுக்கி, வெட்டி, விதையை மட்டும் எடுத்துக் கழுவித் துணியில் பரப்பி நிழலில் காயவைத்திருக்கிறாள். ஒரு காயில் எத்தனை விதை இருக்கும், எத்தனை விதை சேர்ந்தால் ஒரு பிடி ஆகும் என்பது எனக்குத் தெரியும், அந்த மரத்தை வளர்த்தவன் நான். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் விதை தானே கொழகொழவென்று பசை விடும், தொண்டைக்கு அதைவிட நல்லது இல்லை. என் தாய் இருந்தபோது எனக்கும் அதைக் கொடுத்திருப்பாள் போல, உன் அம்மா அப்படித்தான் சொல்கிறாள், எனக்கு நினைவில்லை. "வேற வழி பாத்தேன்னு சொன்னாளே, அந்த வழி இதுதான். ரெண்டு காதும் சுவர் மாதிரி வச்சிருக்கீங்க" என்று முடித்தாள்.

இங்கே என் பக்கத்தையும் எழுத வேண்டும். மருந்து மருந்துதான், கிண்ணம் கிண்ணம்தான். இரண்டும் வேறு. இது இருமலுக்கு, இப்படி ஊறவையுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் நான் மண் மிதித்திருக்க மாட்டேன். கிண்ணத்தில் வருவது வாயில் போட்டு மெல்லக்கூடியதாக இருக்க வேண்டும், விதை அதில் சேராது. இதை நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன், உன் அம்மா கேட்டுக்கொள்ளவில்லை, நீயாவது கேட்டுக்கொள். நான் தவறு செய்யவில்லை, எனக்குத் தகவல் வரவில்லை, அவ்வளவுதான். விதையோடு கூட ஒரு கற்கண்டைப் போட்டிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று நான் கேட்டேன். அதற்குத்தான் பர்னோ வாயைத் திறந்தாள்.

அவள் அப்போது உனக்கு அனுப்புகிற பொட்டலத்துக்காக உலர்திராட்சையில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "கற்கண்டு இருந்தாத்தான மாமா போடுவாங்க" என்றாள். என்ன சொல்கிறாய் என்றேன். "ரிசாலத் அத்த வீட்ல இந்த வருஷம் என்ன இருக்கு? மரத்துல ஒண்ணும் இல்ல. மகன் ரஷ்யாவுல இருந்து கோடையில வர்றேன்னான், வரல. புதன்கிழமை அத்த அடுப்பே மூட்டறதில்ல மாமா" என்றாள். ஏன் மூட்டுவதில்லை. "நீங்க குடுக்கற அன்னிக்கு அடுப்பு எதுக்குன்னு சொல்வாங்க. துர்குன் அண்ணன் கடாய் போட்டா என் அடுப்புக்கு லீவுன்னு சிரிப்பாங்க." கிண்ணம் போகாத புதன் மூட்டினாளா என்று கேட்டேன். பர்னோ ஒரு காம்பைக் கிள்ளினாள். "இல்ல. ராத்திரி வரைக்கும் ஓட்டைப் பக்கமே முக்காலி போட்டு உக்காந்திருந்தாங்க. அப்புறம் ரொட்டிய டீல நனைச்சுச் சாப்பிட்டாங்க."

நான் எழுந்து போய் மரத்தைப் பார்த்தேன். கிழக்குப் பக்க முட்டு கொஞ்சம் சாய்ந்திருந்தது, அதை நிமிர்த்தினேன். அந்தப் பக்கம் புகைபோக்கி தெரிந்தது. மின்கம்பத்தில் ஏறி நின்று ஊர் முழுவதையும் பார்த்தவன் நான், எந்த வீட்டில் எப்போது புகை வருகிறது என்று பார்த்தாலே உள்ளே என்ன நிலைமை என்று சொல்லிவிடுவேன். இந்தப் புகைபோக்கி எனக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் கவனிக்கவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. கற்கள் சுவரோரம் அப்படியே இருக்கின்றன, எர்கின் சொன்னபடியே வெயில் போதாமல் சரியாகக் காயவில்லை, அவன் சொன்னது சரியாக இருந்ததை அவனிடம் சொல்லவில்லை.

நேற்று எர்கின் கேட்டான், அப்பா கல்லை என்ன செய்ய, கட்டவா என்று. உன் அம்மா, "கட்டட்டும், கட்டி அதுல ஒரு ஜன்னல் வைக்கட்டும், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முறைக்க வசதியா இருக்கும்" என்றாள். ஓட்டை வழியாகப் போய் ரிசாலத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள் என்றும் சொன்னாள். அது நடக்காது. விதையைச் சொல்லாமல் அனுப்பியவள் அவள். ஆனால் இந்தத் தகராறு மறுபடியும் வராமல் இருக்க ஒரு ஏற்பாடு யோசித்திருக்கிறேன். கிண்ணம் போய்த் திரும்பி வருவதால்தான் இத்தனை தொல்லை. திரும்பி வருகிற கிண்ணத்தில் ஏதாவது வைக்க வேண்டும், வைக்க ஒன்றும் இல்லாதவள் எதையாவது தேட வேண்டும், தேடியதை இந்தப் பக்கம் ஒருவன் தப்பாகப் பார்க்க வேண்டும். கிண்ணம் திரும்பாவிட்டால் இதெல்லாம் இல்லை. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, உன் அம்மாவுக்கும் தோன்றவில்லை.

இன்று செவ்வாய். பொட்டலத்தில் உலர்திராட்சை இருக்கிறது, பெஹி ஜாம் ஒரு புட்டி இருக்கிறது, நாலு பெஹி முழுசாகக் கம்பளித் துணியில் சுற்றியிருக்கிறது, அதில் மூன்றைச் சமை, ஒன்றைப் பெட்டியில் உடுப்போடு வை, குளிர்காலம் முழுக்க மணக்கும். சின்னத் துணிமுடிச்சில் கொஞ்சம் விதையும் வைத்திருக்கிறேன், அங்கே குளிர் அதிகம், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவை, கொதிக்கவிடாதே, விதையை மெல்லாதே. அது யாருடைய விதை என்று உனக்குத் தெரியும். கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே, ஈரத் தலையோடு படுக்காதே, வாரத்தின் நடுவில் ஒரு நாளாவது சூடாகச் சமைத்து உட்கார்ந்து சாப்பிடு, நின்றுகொண்டு சாப்பிடுகிறாய் என்று ஹம்ரோவின் மகன் சொன்னான். ஆண்டவன் உன் வழியை வெளிச்சமாக வைக்கட்டும், உன் கை தொட்டது விளங்கட்டும், நீ போன வழியாகவே நலமாகத் திரும்பி வர வேண்டும் என்று நாங்கள் கை ஏந்துகிறோம்.

இனி செய்ய வேண்டியவை. எர்கின் நாளைக் காலை வேலைக்குப் போவதற்கு முன் அந்தக் கற்களைக் கொண்டு ஓட்டைக்குப் பக்கத்திலேயே அடுப்பு ஒன்று கட்ட வேண்டும், காயாத கல் தீயில் காய்ந்துகொள்ளும், ஓட்டையில் ஒரு கல்லும் படக்கூடாது, கீழ்விளிம்பு உடைந்திருக்கிறது, அதை மட்டும் மண் பூசிச் சரிசெய்ய வேண்டும். பழைய இடத்திலிருந்து கடாயை அங்கே மாற்றுவது என் வேலை. பர்னோ நீலக் கிண்ணத்தை ரிசாலத்திடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும், உள்ளே கற்கண்டு வைத்து, ஏன் எதற்கு என்று ஒரு பேச்சும் பேசாமல், அது இனி அந்த வீட்டுக் கிண்ணம் என்று மட்டும் சொல்லி. புதன்தோறும் ரிசாலத் அதை ஓட்டையில் நீட்டினால் போதும், நான் இந்தப் பக்கத்திலிருந்து கரண்டியால் நேராகப் போட்டுவிடுவேன், திருப்பித் தருவதற்கு ஒன்றும் இருக்காது. உன் அம்மா சந்தையில் இதைப் பற்றி யாரிடமும் சிரிக்கக்கூடாது. சாம்பல் வாளியைத் தினமும் காலி செய்ய வேண்டும், யார் என்று சொல்லத் தேவையில்லை. நீ ஒவ்வொரு புதனும் மாலையில் உன் பால்தாய்க்குப் போன் செய்து இன்று என்ன சாப்பிட்டாள் என்று கேட்டு எனக்குச் சொல்ல வேண்டும், நான் கேட்டதாகச் சொல்லாதே. ரிசாலத் செய்ய வேண்டியது சாப்பிடுவது மட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
துர்குன்